ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பழக வருபவர்களை முதல் சில வாரங்கள் எப்படி நடத்துவது?

லேன்_நாலு கேட்டது:

வணக்கம். எங்கள் மாவட்ட ரைபிள் கிளப்பில் ஞாயிறு காலை புதியவர்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறோம். 10 மீட்டர் மட்டும்தான். கிளப்புக்குச் சொந்தமாக மூன்று பிசிபி ரைபிள் (சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடுவது), இரண்டு பிஸ்டல், ஓப்பன் சைட் (பள்ளம் வைத்த குறிபார்க்கும் அமைப்பு) பழக ஒரு ஸ்பிரிங் ரைபிள் இருக்கின்றன. 2024 பாரிஸில் மனு பாக்கர் பதக்கம் வாங்கியதிலிருந்து வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், ஐம்பதைத் தாண்டியவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். போட்டியெல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக இருந்தால் போதும் என்பவர்களே அதிகம்.

ஆனால் வந்தவர்களில் பலர் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. கவனித்துப் பார்த்தால் காரணங்கள் தெரிகின்றன. வந்ததும் கையில் ரைபிளைக் கொடுத்து நிற்கவைக்கிறோம். முதல் ஐந்து ஷாட் எங்கெங்கோ போகிறது. பக்கத்து லேனில் இருக்கும் சீனியர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். யாராவது ரைபிளோடு திரும்பிவிட்டால் நாலு பேர் கத்துகிறார்கள். அந்த ஆள் அடுத்த வாரம் வருவதில்லை.

பாதுகாப்பில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது, அது தெரியும். மற்றபடி முதல் நாள் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, தவறு செய்கிறவரிடம் எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

பெல்லட்_டப்பா பதில்:

முதல் நாள் நின்று சுட வைக்காதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

போட்டிக்கான மேட்ச் ரைபிள் 4 முதல் 5 கிலோ இருக்கும்; விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். நின்று சுடும்போது அந்த எடையைக் கை தாங்குவதில்லை. இடது முழங்கை இடுப்பெலும்பிலோ விலாவிலோ ஊன்றி, எடை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்க வேண்டும். இந்த நிலை உடம்பில் படியப் பல வாரம் ஆகும். அது அமைவதற்கு முன்னால் நிற்கவைத்தால் தோளும் கையும் நடுங்கும், டார்கெட்டின் கறுப்பு வட்டம் சைட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அது நடுவில் வரும் நொடியைப் பிடிக்கிறேன் என்று ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பார்கள். அந்தப் பழக்கம் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும், எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகு பொறுமையில்லை என்று அவர்களையே குறை சொல்வது நியாயமில்லை.

மேசை, நாற்காலி, மணல் பை. பை ஸ்டாக்கின் (ரைபிளின் உடற்கட்டை) முன்பகுதிக்கு அடியில் இருக்கட்டும், பேரலுக்கு (குழல்) அடியில் வைக்க வேண்டாம். பேரல் எதிலாவது சாய்ந்தால் குண்டு படும் இடம் மாறும். சைட்டை நீங்களே சுட்டுச் சரிசெய்து வைத்துவிடுங்கள். புதியவர் சைட்டைத் தொடவே தேவையில்லை. முன் சைட்டில் வளையம் மாற்றும் வசதி இருந்தால் பெரிய வளையமாகப் போடுங்கள். சின்ன வளையத்தில் கறுப்பைச் சுற்றித் தெரியும் வெள்ளை மெல்லியதாகிவிடும், கொஞ்சம் அசைந்தாலும் தப்பாகத் தெரியும், சுடவே தயங்குவார்கள். பெரிய வளையத்தில் அந்த அசைவு அவ்வளவாக உறுத்தாது.

முதல் நாள் 25, 30 பெல்லட் போதும். பாதுகாப்புப் பாடத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம். இன்னும் ஐந்து சுடட்டுமா என்று அவர் கேட்கும்போதே முடித்துவிடுங்கள். களைத்த பிறகு சுடும் கடைசிப் பத்து ஷாட்தான் வீட்டுக்குப் போகும்போது மனதில் நிற்கும்.

ஸ்கோர் எண்ண வேண்டாம். ஐந்து ஐந்தாகச் சுடச் சொல்லி, ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று மட்டும் காட்டுங்கள். பையில் வைத்துச் சுடும்போது ஐந்து துளையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் நல்ல தொடக்கம். அந்தக் கூட்டம் 6ஆம் வளையத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அதை நடுவுக்கு நகர்த்துவது சைட்டின் வேலை. எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் மானிட்டரைத் திருப்பி வையுங்கள். திரை கண்முன்னால் இருந்தால் குண்டு பேரலை விட்டுப் போவதற்குள் தலை திரையை நோக்கித் தூக்கிக்கொள்ளும், ஷாட் போன பிறகும் அசையாமல் நிற்கும் ஃபாலோ-த்ரூ என்பதே பழக்கத்தில் வராது.

ரைபிள் டார்கெட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். நடுவில் உள்ள 10 என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. ஆனால் பெல்லட்டின் குறுக்களவு 4.5 மி.மீ.; அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே 10. அதாவது மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 2.5 மி.மீ. வரை விலகலாம். இதைக் காகிதத்தில் வரைந்து காட்டினால் முகம் தெளியும். 10.9, 10.4 என்ற தசமக் கணக்கைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம்.

திருத்தம் சொல்வதில் ஒரு வரம்பு வையுங்கள்: ஐந்து ஷாட்டுக்கு ஒரே ஒரு திருத்தம். முதலில் கன்னம் வைக்கும் இடம், அது நிலைத்த பிறகு ட்ரிகர், பிறகு மூச்சு. சொல்லிக்கொடுப்பவர் டார்கெட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டும். ஷாட் போகும் நொடியில் கண் சிமிட்டுகிறதா, விரல் தட்டிவிட்டு விலகுகிறதா என்பதெல்லாம் முகத்திலும் கையிலும்தான் தெரியும். துளைகளும் ஓரளவு பேசும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் மூச்சு ஒரே இடத்தில் நிற்கவில்லை. இரண்டு தனித்தனிக் கூட்டமாக இருந்தால் நடுவில் கன்னம் இடம் மாறியிருக்கிறது. நல்ல கூட்டத்துக்கு வெளியே ஒன்று மட்டும் தூரப் போயிருந்தால், அவரைக் கேட்பதற்கு முன் பெல்லட் டப்பாவைப் பாருங்கள். கீழே விழுந்து பாவாடை (பின்பக்க விளிம்பு) நெளிந்த பெல்லட்டை எடுத்துப் போட்டிருக்கலாம்.

எட்டுப் பத்து நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் விரலை எடுத்துவிட்டு, இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பிடித்தால் கண் பழைய பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், நடுக்கமும் கூடும். சுடாமல் இறக்கியவரை அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். 10 விழுந்ததற்குச் சொல்லும் பாராட்டைவிட இது முக்கியம். எதை நாம் மதிக்கிறோம் என்பதைப் புதியவர் இதை வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

---

ஆரஞ்சு_கொடி பதில்:

மேல சொன்னது எல்லாம் சரி. பாதுகாப்பைப் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா கத்தல் வர்றது அங்கதான்.

கத்த வேண்டிய நிலைமை வருதுன்னா, முன்னாடி சொல்லாம விட்டுட்டோம்னு அர்த்தம். துப்பாக்கியைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி மேசைப் பக்கத்துல நின்னு பத்து நிமிஷம் பேசுங்க. மூணே விஷயம். முனை எப்பவும் டார்கெட் பக்கம். சைட்ல குறி வந்த பிறகுதான் விரல் ட்ரிகருக்குப் போகணும், அதுவரைக்கும் ட்ரிகரைச் சுத்தி இருக்கற கார்டுக்கு வெளியில நீட்டி இருக்கட்டும். 'ஸ்டாப்'னு யார் சொன்னாலும், ஏன்னு கேக்காம அப்படியே மேசையில வைக்கணும். நீளமா விதிப் பட்டியல் படிச்சீங்கன்னா ஒண்ணும் நிக்காது. மூணையும் அவங்க வாயால திருப்பிச் சொல்ல வைங்க. அப்புறம் காலி துப்பாக்கியை வச்சு 'ஸ்டாப்' சொல்லி ரெண்டு மூணு தடவை பழக்குங்க.

புதுசா வந்தவங்க பின்னாடி திரும்பறதுக்குப் பெரும்பாலும் காரணம் நாமதான். பின்னாடி நின்னு கூப்பிட்டா, கையில இருக்கறதோட சேர்த்துத் திரும்பத்தான் செய்வாங்க. அதனால எப்பவும் அவங்களுக்குப் பக்கவாட்டுல, பார்வை படற இடத்துல நில்லுங்க. வலது கைக்காரர்னா இடது முன்பக்கம், ஃபயரிங் லைனைத் தாண்டாம. அப்பா அம்மா, கூட வந்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பின்னாடி நாற்காலியில உக்காரட்டும். போட்டோ எடுக்கணும்னா துப்பாக்கியைக் கீழ வச்ச பிறகு.

அப்படியும் முனை திரும்பிடுச்சுன்னா ரெண்டே வார்த்தை: "ஸ்டாப். மேசையில வைங்க." சாதாரணக் குரல்ல, தெளிவா. வச்சு, சேஃப்டி ஃப்ளாக் (காலின்னு காட்ட பேரலுக்குள்ள விடற கயிறு) போட்ட பிறகு விளக்கம் சொல்லுங்க. கையில லோட் ஆன துப்பாக்கி இருக்கறவரைப் பதற வச்சா இன்னும் மோசமான இடத்துக்குத் திருப்புவாரு. ஒரே ஆள்தான் பேசணும். மத்த லேன்ல இருக்கறவங்க எல்லாரும் தங்களோடதைக் கீழ வைக்கணும், அதுதான் அவங்க வேலை. ரெண்டாவது தடவையும் அதே நடந்தா அன்னைக்கு சுடறது முடிஞ்சுது, காலி துப்பாக்கியில பழகலாம்னு சொல்லுங்க. இதுல கோபத்துக்கும் இடமில்ல, சலுகைக்கும் இடமில்ல. எட்டு வயசுப் பிள்ளைக்கும் கிளப் செயலாளருக்கும் இதேதான்.

கருவி பத்தி சில விஷயம்: பிசிபியில சிலிண்டரைக் கழட்டினாலும் உள்ள ஒரு ஷாட்டுக்கான காத்து நிக்கலாம். கழட்டியாச்சு, இனி வெடிக்காதுன்னு புதுசா வந்தவங்க நினைப்பாங்க. ஃப்ளாக் பேரல் முழுசும் ஓடி முனையில வெளிய தெரிஞ்சாதான் அது காலி.

ஸ்பிரிங் ரைபிள்ல லீவரை இழுத்துட்டு, கையை விட்டுட்டு பெல்லட் போடுவாங்க. லீவரைப் பிடிச்சு நிறுத்தற கேட்ச் வழுக்கினா விரல் போயிடும். ஒரு கையால லீவரைப் பிடிச்சுக்கிட்டேதான் பெல்லட் போடணும். இதை முதல் தடவை நீங்க செஞ்சு காட்டுங்க, பலம் பத்தாத சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே லோட் பண்ணிக் கொடுங்க. அதை பெல்லட் இல்லாம சும்மா சுடவும் கூடாது, முன்னாடி தடுக்க எதுவும் இல்லாம பிஸ்டன் நேரா போய் மோதும், சீல் கெடும். பெல்லட் இல்லாம ட்ரிகர் இழுத்துப் பழகற டிரை ஃபயருக்கு அந்த வசதி இருக்கற பிசிபியை எடுங்க.

பெல்லட்டைத் தலைகீழாப் போடறது சகஜம். தட்டையான தலை முன்னாடி, பாவாடை பின்னாடின்னு ஒரு பெல்லட்டைக் கையில வச்சுக் காட்டுங்க. அப்படியே மாட்டிக்கிட்டா அவங்க எதையும் குத்தி எடுக்க வேணாம், கை தூக்கினா போதும்னு முன்னாடியே சொல்லிடுங்க.

பெல்லட் ஈயம். ஃபயரிங் லைன்ல டீ, முறுக்கு எதுவும் வேணாம். முடிச்சுட்டு சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் எல்லாம். பார்க்க வந்தவங்க உட்பட எல்லாருக்கும் கண்ணாடி கொடுங்க.

---

சைட்_பிக்சர் பதில்:

பிஸ்டலுக்கு வருகிறவர்கள் சோர்ந்துபோவது வேறு காரணத்தால். "என் கை ஆடுது சார், எனக்கு இது வராது" என்பதுதான் முதல் புலம்பல். கை எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக்கில் சுடுகிறவருக்கும் ஆடும். வெறும் ஆறுதலாகச் சொன்னால் நம்பமாட்டார்கள், கணக்காகக் காட்டுங்கள்.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 10 மீட்டரில். இரண்டு சைட்டும் சரியாக ஒரே கோட்டில் இருந்து, கை மொத்தமாக 10 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 10 மி.மீ.தான் நகரும்; அது 9 புள்ளி. ஆனால் கை அசையாமல் இருந்து, முன் சைட் மட்டும் பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால் டார்கெட்டில் 30 மி.மீ. விலகல், 7 புள்ளிக்கு இறங்கிவிடும். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஆட்டத்தை அடக்கப் போராடுவதை விட்டுவிட்டு முன் சைட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள். நாம் வேண்டுவதும் அதுதான்.

அதனால் முதல் இரண்டு வாரம் வெறும் வெள்ளை அட்டைதான். டார்கெட்டைத் திருப்பி மாட்டினால் போதும். கறுப்பு இருந்தால் கண் அதற்குத்தான் ஓடும், முன் சைட் மங்கும். கறுப்பை மாட்டிய பிறகும் குறி அதன் நடுவில் வேண்டாம். கறுப்பின் அடிவிளிம்புக்கும் சைட்டின் மேல்விளிம்புக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை தெரிய வேண்டும். கறுப்புச் சைட்டைக் கறுப்பு வட்டத்துக்குள் வைத்தால் விளிம்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வலது கைக்காரருக்குக் குண்டு திரும்பத் திரும்பக் கீழே இடது பக்கம் போனால், சைட்டைத் திருகிச் சரிசெய்து கொடுக்காதீர்கள். முழுக் கையையும் இறுக்கி ட்ரிகரை இழுக்கிறார் என்பதே பெரும்பாலும் காரணம். நீங்கள் லோட் செய்து கொடுங்கள். சில நேரம் பெல்லட்டோடு, சில நேரம் டிரை ஃபயரில், எது என்று சொல்லாமல். பெல்லட் இல்லாத ஷாட்டில் முன் சைட் குபுக்கென்று கீழே குத்துவதை அவரே பார்ப்பார். நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்ல வேண்டியதில்லை.

பிஸ்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. ஐந்து ஷாட்டுக்கு இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். வீட்டில் பழக என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டி 20 நொடி பிடித்து இறக்கச் சொல்லலாம், நாளுக்கு ஐந்தாறு முறை. தோள் வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

---

லேன்_நாலு:

மிக்க நன்றி. மானிட்டரைத் திருப்பி வைப்பதும் வெள்ளை அட்டையும் இந்த ஞாயிறே செய்யக்கூடியவை. ஒரு கேள்வி: ஐம்பதைத் தாண்டியவர்கள் புரோகிரசிவ் கண்ணாடியோடு வருகிறார்கள். எதுவுமே தெளிவாகத் தெரியவில்லை என்கிறார்கள். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

---

சைட்_பிக்சர்:

அவர்கள் மேல் தவறில்லை. புரோகிரசிவ் லென்ஸில் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு பவர். ரைபிளில் கன்னத்தைச் சாய்க்கும்போது லென்ஸின் மூக்கோர மேல்மூலை வழியாகப் பார்க்கிறார்கள், அங்கே பிம்பம் நெளியும். பழைய ஒற்றைப் பவர் கண்ணாடி ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். ரைபிளுக்குத் தூரப் பார்வைக் கண்ணாடியே பெரும்பாலும் போதும், ரைபிளின் பின்னால் உள்ள பீப் சைட்டின் சின்னத் துளை மீதியைத் தெளிவாக்கிவிடும்.

பிஸ்டலுக்கு அது போதாது, முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும். தூரப் பவரோடு +0.50 அல்லது +0.75 சேர்த்து ஒற்றைப் பவர் லென்ஸ் போட்டால் வழக்கமாகச் சரியாகும். கண் பரிசோதனைக்குப் போகும்போது, கை நீட்டினால் முன் சைட் வரும் தூரத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். டார்கெட் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அப்படித்தான் தெரிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக் கடையில் சண்டை போடுவார்கள்.

---

இடதுகை_லேன் பதில்:

யாரும் இன்னும் சொல்லாத ஒன்று: ரைபிளைக் கொடுப்பதற்கு முன் எந்தக் கண் முதன்மைக் கண் என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்னத் துளை விட்டு, அதன் வழியே சுவரில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது எந்தக் கண்ணுக்கு அந்தப் பொருள் துளைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். வலது கைக்காரருக்கு இடது கண் முதன்மையாக இருப்பது அபூர்வமில்லை. இதைப் பார்க்காமல் விட்டால் வாரக்கணக்கில் தலையைக் கோணலாக வைத்துக்கொண்டு திணறுவார், நாம் கவனமில்லை என்போம். புதியவர் என்றால் இடது தோளிலேயே தொடங்கிப் பார்க்கலாம், அவருக்கு மாற்ற வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. கிளப்பில் இடது கை ஸ்டாக் இல்லையென்றால், சுடாத கண்ணுக்கு முன்னால் மங்கலான டேப்போ வெள்ளைத் தகடோ போதும். கறுப்புத் துணி கட்ட வேண்டாம். ஒரு கண் இருட்டானால் மற்றதன் பாவையும் விரியும், சைட் மங்கும். ஒரு கண்ணை இறுக்கி மூடுவதும் கூடாது, முகத் தசை பத்து நிமிடத்தில் களைத்துவிடும்.

அடுத்தது ரைபிளின் அளவு. பட் பிளேட்டையும் (தோளில் பதியும் தட்டு) சீக் பீஸையும் (கன்னம் பதியும் பகுதி) முந்தைய ஆளுக்கு வைத்த அளவிலேயே கொடுத்துவிடுகிறோம். குட்டையான ஒரு மாணவிக்கு அது எட்டாது. கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து நிற்பாள். மூன்று ஸ்க்ரூவைத் திருப்ப ஐந்து நிமிடம் ஆகும். அவரவர் அளவை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அடுத்த வாரம் ஒரு நிமிடம்.

நிலையைத் திருத்தும்போது தொட்டுத் திருத்தாதீர்கள். உங்கள் உடம்பில் செய்து காட்டுங்கள், அல்லது கண்ணாடி ஒன்றை நிறுத்திவையுங்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் கேட்டுவிட்டு, எந்த இடம் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பெண்கள் வராமல் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம், பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கிளப்பின் பொது ஜாக்கெட்டை எல்லாருக்கும் மாட்டுவதையும் நிறுத்தலாம். அளவு பொருந்தாத ஜாக்கெட் முதுகைத் தாங்காது, நம் ஊர் வெயிலில் வியர்வையும் நாற்றமும்தான் மிச்சம். முதல் மாதம் தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போதும். எந்த ரைபிள் வாங்கலாம் என்று கேட்கிற பெற்றோரிடம், மூன்று மாதம் எதையும் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். வெளிநாட்டு மேட்ச் ரைபிள் லட்சங்களில் போகிறது. பணம் போட்டுவிட்டால் பிள்ளைக்கு அது விளையாட்டாக இருக்காது, கடனாகிவிடும்.

சீனியர்கள் விஷயத்துக்கு: ஒவ்வொரு புதியவருக்கும் ஒரே ஆள் பொறுப்பு, அவர் பெயர் லேன் அட்டையில் எழுதியிருக்கட்டும். மற்றவர்கள் ஏதாவது கவனித்தால் அந்தப் பொறுப்பாளரிடம் சொல்லலாம், சுடுகிறவரிடம் நேரடியாக வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் மூச்சைப் பிடி என்பார், இன்னொருவர் விடு என்பார், கேட்கிறவர் இரண்டையும் செய்யப் பார்ப்பார்.

பெல்லட்_டப்பா சொன்ன மேசை முறையில் ஒரு சந்தேகம். பதினான்கு வயதுப் பிள்ளையை எத்தனை வாரம் உட்காரவைப்பது? டிவியில் பார்த்தது நின்று சுடுவதை. சலித்துப்போவார்களே?

---

பெல்லட்_டப்பா:

சரியான கேள்வி. மேசை இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது அமர்விலிருந்து எழுந்து நிற்கட்டும், ஆனால் ரைபிளின் எடையை ஸ்டாண்ட் தாங்கட்டும். உயரம் மாற்றக்கூடிய கம்பி ஸ்டாண்டை லேனில் வைத்து, ஸ்டாக்கின் முன்பகுதியை அதன் மேல் வையுங்கள். கால் வைக்கும் அகலம், இடுப்பு, கன்னம் எல்லாம் நின்று சுடுவதைப் போலவே இருக்கும், சுமை மட்டும் இருக்காது. ஜெர்மனி கிளப்புகளில் இப்படித் தாங்கி வைத்துச் சுடுவது மூத்தவர்களுக்கென்று தனிப் போட்டிப் பிரிவாகவே இருக்கிறது, எனவே இது குறைவான முறை என்று உங்கள் ஐம்பது வயதுக்காரர்கள் நினைக்க வேண்டியதில்லை.

பிறகு பத்து ஷாட்டில் இரண்டை ஸ்டாண்ட் இல்லாமல், அடுத்த வாரம் நான்கை என்று கூட்டிக்கொண்டே போங்கள். தாங்காமல் சுடும் ஷாட்களைத் தனி அட்டையில் சுடச் சொல்லுங்கள். ஒரே அட்டையில் கலந்தால் நல்ல கூட்டத்தை அந்த இரண்டும் கெடுத்துவிட்டதாக நினைப்பார்கள்.

---

லேன்_நாலு:

ஸ்டாண்ட் இரண்டு செய்யச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஒரு நேரத்தில் எத்தனை புதியவர்களை லைனில் விடலாம்?

---

ஆரஞ்சு_கொடி:

முதல் நாள்காரர்னா ஒருத்தருக்கு ஒருத்தர். உங்ககிட்ட சொல்லிக்கொடுக்க மூணு பேர் இருந்தா மூணு லேன்தான், ஆறு லேன் இருக்கேன்னு ஆறையும் திறக்காதீங்க. மூணு நாலு வாரம் ஆனவங்களா இருந்தா ஒருத்தர் ரெண்டு பேரைப் பார்க்கலாம், பக்கத்துப் பக்கத்து லேன்ல. இவங்க போக, எதுவும் சொல்லிக்கொடுக்காம லைனை மட்டும் பார்க்கற ஒரு ஆள் தனியா வேணும், 'ஸ்டாப்' சொல்ற பொறுப்பு அவருக்கு. காத்திருக்கறவங்களை அரை மணி நேரம் தள்ளி வரச் சொல்லி நேரம் கொடுத்துடுங்க. வரிசையில நின்னு பார்த்துக்கிட்டு இருக்கறவங்க முன்னாடி சுடறது, புதுசா வந்தவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.